சல்லடை கழித்த மீன்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவள் சொன்னபோது ஆய்வக இயக்குநர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. வாய்வரை போன கோப்பையை அப்படியே நிறுத்தி, "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"உடம்பு நல்லாத்தான் இருக்கு சார். அறிக்கைதான் சரியில்லை."

அறிக்கை மேசைமேல் கிடந்தது. எத்தனை பக்கம் இருந்தாலும் அதன் சாரம் ஒரே வரிதான். வளைகுடாவுக்குள் இருக்கும் காட் மீனும் வெளிக்கடலில் திரியும் காட் மீனும் ஒரே கூட்டம், மரபணு அளவில் வேறுபாடு இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் மீன்வள வாரியம் காத்துக்கொண்டிருந்தது. வரி கைக்கு வந்துவிட்டால் வளைகுடாவின் வாய் திறக்கும். வெளிக்கடலோடு நின்றிருந்த இழுவைக் கப்பல்கள், குளிர்காலத்தில் மீன்கள் முட்டையிடக் கூடும் நேரத்திலேயே உள்ளே வரலாம். வெளியே மீன் கொள்ளாமல் கிடக்கிறது, உள்ளே இருப்பதும் அதே மீன்தான், அள்ளினால் என்ன குறைந்துவிடப்போகிறது என்பது கப்பல்காரர்களின் வாதம்.

மரபணுக் கணக்கைச் செய்தவள் அவள். அவள் கையெழுத்து இல்லாமல் அறிக்கை அந்த அறையைவிட்டு நகராது.

ஆய்வகத்தில் அவளுக்கு மீன்காரி என்று பெயர். அவள் அம்மா துறைமுகத்துக் கொட்டகையில் மீன் வெட்டியவள் என்று தெரிந்த அன்றைக்கு யாரோ கேலியாக வைத்த பெயர். மறுநாள் அவளே அதைக் கொட்டை எழுத்தில் எழுதித் தன் நாற்காலியின் முதுகில் ஒட்டிவைத்தாள். அதற்குப் பிறகு கூப்பிட்டவர்களுக்குத்தான் வாய் கூசியது.

"உங்க சல்லடை கழிச்சதை நீங்க பாத்தீங்களா சார்?" என்றாள்.

"கழிவை எதுக்கும்மா பாக்கணும்?"

ஒரு மீனின் ஜீனோமைப் படித்தால் கோடிக்கணக்கான எழுத்துகள் வரும். பெரும்பாலானவை எல்லா மீனிலும் ஒன்றுதான். மீனுக்கு மீன் மாறுகிற இடங்கள் சில உண்டு, அவைதான் குறிகள். குறிகளை ஒப்பிட்டுத்தான் எந்த மீன் எந்தக் கூட்டம் என்று சொல்வார்கள். ஒப்பிடுவதற்கு முன் சலிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே சேதியைச் சொல்லும் குறிகளில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுவார்கள். ஒரே ஆள் பத்து ஓட்டுப் போடக் கூடாது இல்லையா, அதுபோல. நியாயமான வேலை.

இயக்குநர் எழுதிய சல்லடை ஒரு படி மேலே போகும். குறிகள் பெரிய கும்பலாக ஒட்டிக்கொண்டு நின்றால், இது இயந்திரத்தின் கோளாறு என்று அந்தத் துண்டையே வெட்டி எறிந்துவிடும். அவர் அதை எழுதிய காலத்தில் இருந்த இயந்திரம் உண்மையிலேயே அப்படிக் கோளாறு செய்யும். அப்போது அது சரி. பிறகு புது இயந்திரம் வந்தது. சல்லடை மட்டும் பழையதாகவே இருந்தது. வந்தவர் போனவர் எல்லாரும் அதிலேயே சலித்தார்கள். அடுப்படியில் தொங்குகிற சல்லடைக்குக் கண் எவ்வளவு என்று யார் பார்க்கிறார்கள்?

சலித்தவர்கள் மாவைப் பார்ப்பார்கள். அவள் கப்பியைக் கொட்டிப் பார்த்தாள். கப்பியில் ஒரு குரோமோசோம் துண்டு முழுசாகக் கிடந்தது. வெளிக்கடல் மீனில் அந்தத் துண்டு தலைகீழாகத் திரும்பியிருந்தது, வளைகுடா மீனில் நேராக இருந்தது. சீட்டுக்கட்டில் பத்துச் சீட்டை ரப்பர் வளையம் போட்டுக் கட்டிவிட்டால் எத்தனை தடவை கலைத்தாலும் அவை ஒன்றாகத்தானே விழும்? அந்தத் துண்டில் இருந்த குறிகள் அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டே வந்திருந்தன. ஒட்டிக்கொண்டு நின்ற குற்றத்துக்காகச் சல்லடை அவற்றைக் கழித்திருந்தது. உள் மீனை வெளி மீனிலிருந்து பிரித்துக் காட்டுகிற ஒரே துண்டு அதுதான்.

"அது மெஷின் கோளாறு," என்றார் இயக்குநர். "நான் நூறு தடவை பாத்தாச்சு."

"அப்படின்னா சோதிச்சுப் பாப்போம். முட்டைக்கு வந்திருக்கிற மீனா, உள்ள இருந்தும் வெளிய இருந்தும் துடுப்புத் துண்டு கொண்டுவாங்க. எது எங்க பிடிச்சதுன்னு எனக்குச் சொல்லாதீங்க. அந்தத் துண்டை மட்டும் பாத்து நான் சொல்றேன். ஒன்னு தப்பினாலும் நீங்க சொல்ற இடத்துல கையெழுத்து."

மூலையில் இருந்த வாரிய அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். அறிக்கையை வாங்கிப்போக வந்திருந்த மனிதர். மீன்வள வாரியத்தில் உத்தியோகம், படகில் காலை வைத்தால் வாந்தி. அதனால் எந்தச் சண்டையையும் கரையிலிருந்தே ரசிக்கப் பழகியிருந்தார்.

"நல்ல யோசனையா இருக்கே. வாரியம் இதுக்காக நடத்தப்போற விசாரணைக்கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கு. குழாய்ல நானே வேற எண் ஒட்டித் தரேன். யாரும் எட்டிப் பாக்க முடியாது."

வேண்டாம் என்று சொன்னால் பயந்த மாதிரி ஆகிவிடும். இயக்குநர் தேநீரைக் குடித்து முடித்தார். "செய்யுங்க," என்றார்.

கப்பல் மீனின் துடுப்பை அதிகாரி ஏற்பாடு செய்தார். வளைகுடா மீனுக்குப் படகுக்காரர்களைத்தான் கேட்க வேண்டும். படகுக்காரர்களை யாராவது கேட்க வேண்டுமென்றால் அவள் அண்ணனிடம் போக வேண்டும்.

அண்ணனைக் கொக்கி என்பார்கள். வலையைத் தொட மாட்டான், தூண்டில் கொக்கி மட்டும்தான். பேச்சும் அப்படியே, உள்ளே இறங்கினால் சதையோடுதான் வெளியே வரும். அவன் படகு ஒருமுறை அலைதடுப்புச் சுவரில் மோதி முன்பக்கம் உடைந்துபோனது. பலகை வைத்து அடித்தானே தவிர சீர்செய்யவில்லை. துறைமுகம் முழுக்க அது மூக்குடைஞ்ச படகு.

அவள் போனபோது சாப்பாட்டு மேசையில் கொக்கிகளைப் பரப்பி அரத்தால் கூர்தீட்டிக்கொண்டிருந்தான். எதிரே அம்மா. பனிக்கட்டித் தண்ணீரில் மீன் வெட்டி வெட்டி அம்மாவின் விரல்கள் மடங்குவதை விட்டுவிட்டன. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கித்தான் குடிப்பாள்.

"துடுப்பு நுனி வேணும் அண்ணா. முட்டைக்கு வந்த மீன்ல. நகம் அளவு வெட்டிக் குழாய்ல போட்டாப் போதும். எல்லாப் படகுலயும்."

"எதுக்கு?"

"உள்ள மீன் வேற, வெளி மீன் வேறன்னு காட்டறதுக்கு."

"காட்டினா?"

"கப்பல் உள்ள வர முடியாது."

"நல்ல விஷயம்தான். அப்புறம்?"

அண்ணன் அப்புறம் என்று கேட்டால் சும்மா கேட்கிறவன் இல்லை.

"உள்ள மீன் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. வேற கூட்டம்னு ஆயிட்டா, முட்டை போடற சமயத்துல யாரையும் விட மாட்டாங்க. படகையும்தான்."

அரம் நின்றது.

"அந்தச் சமயத்துலதானேடி எங்க பொழப்பே ஓடுது."

"தெரியும்."

"தெரிஞ்சேவா வந்து கேக்குற?"

"தெரிஞ்சதாலதான் நானே வந்து சொல்றேன். நாளைக்கு எவனோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாது பாரு."

"கப்பல் வந்தாக்கூட ஓரம்பாரமா எங்களுக்கு நாலு மீன் மாட்டும். கதவையே சாத்திட்டா சுவத்தை நக்க வேண்டியதுதான்."

"ஓரத்தை மட்டும் விட்டுட்டு அள்ளுறதுக்குக் கப்பல்காரன் உனக்கு மாமனா மச்சானா?" என்றாள் அம்மா. "ரெண்டு குளிர்காலம். அப்புறம் ஓரமும் இருக்காது, மீனும் இருக்காது. உன் கொக்கியை வெச்சு ஜன்னல் திரைதான் மாட்டலாம்."

அண்ணன் அரத்தைக் கீழே வைத்தான். ஒரு கொக்கியைக் கட்டைவிரலில் வைத்துப் பதம் பார்த்தான். பிறகு, "சரி, தரேன். மத்தவங்களுக்கும் சொல்றேன்," என்றான்.

கொக்கி இவ்வளவு சுலபமாகக் கழன்று அவள் பார்த்ததே இல்லை. அதைச் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது தோன்றவும் இல்லை. தங்கைதானே.

துடுப்புகள் கெடாமல் இருக்கச் சாராயம் ஊற்றிய குழாய்களில் வந்து சேர்ந்தன. பழைய சீட்டை உரித்துவிட்டு அதிகாரி தன் கையால் புது எண்களை ஒட்டினார். அப்புறம் வேலை பிப்பெட் அக்காவுடையது. துடுப்பைக் கரைத்து, கழுவி, டி.என்.ஏ.வை மட்டும் இழுத்து, துண்டாக்கி, இயந்திரத்துக்கு ஊட்டுவதுவரை அவள் பொறுப்பு. சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பிப்பெட்டை அழுத்தி அழுத்தி வலது கட்டைவிரல் தடித்துப்போயிருந்தது.

"என் வீட்டுக்காரர் கையைப் பிடிச்சதைவிட இந்தச் சனியனைப் பிடிச்சதுதான் ஜாஸ்தி," என்பாள். "இதாவது அழுத்தினா அளவாத் துப்பும். அவரு வாயைத் திறந்தா நிறுத்தவே மாட்டாரு."

இயந்திரம் ஓடிய நேரம் முழுக்க அந்த அறையில் ஒரே இரைச்சல், குளிர். படித்த எழுத்துகள் வந்ததும் மீன்காரி சல்லடையை எடுத்துவிட்டாள். அந்தத் துண்டை மட்டும் பார்த்தாள். நேராக இருந்தால் உள், தலைகீழாக இருந்தால் வெளி. எந்தக் குழாயிலும் தயங்க வேண்டியிருக்கவில்லை. வெள்ளைப்பலகையில் எண்ணுக்கு நேராக உள், வெளி, உள் என்று எழுதிக்கொண்டே போனாள்.

அதிகாரி வந்து எது எங்கே பிடித்தது என்று வாசித்தார். இயக்குநர் கைகட்டி நின்றார், பிப்பெட் அக்கா கதவில் சாய்ந்திருந்தாள். கப்பல் மீன்கள் எல்லாம் வெளி. சரி. முதல் படகு, எல்லாம் உள். சரி. அடுத்த படகும் சரி. அதற்கடுத்ததும் சரி. இயக்குநரின் கட்டிய கை மெல்ல அவிழ்ந்தது.

"கடைசி," என்றார் அதிகாரி. "மூக்குடைஞ்ச படகு. வளைகுடாவுக்குள்ள பிடிச்சது." பலகையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "நீங்க வெளின்னு எழுதியிருக்கீங்க. அத்தனையும் வெளி."

 முதலில் இயக்குநர்தான் மூச்சு விட்டார்.

"பாத்தீங்களா? வளைகுடாவுக்குள்ளயே வெளி மீன் வந்து முட்டை போடுது. ரெண்டும் கலந்துதான் கிடக்கு. நான் இதைத்தானே சொன்னேன்?" அவர் குரலில் குரூரம் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. "உங்க உழைப்பு வீண் போகாதும்மா. பின்னிணைப்பா சேத்துக்கலாம். ஒன்னு தப்பினா கையெழுத்துன்னு சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். தப்பினது நானான்னு பாத்துட்டு வரேன்."

குழாய் கழுவும் அறையில் பிப்பெட் அக்கா அவளை மடக்கினாள்.

"உங்க அண்ணன் படகுதானே?"

"ஆமா."

"அவரு ஏதோ பண்ணியிருக்காரு."

"ஆமா. ஒரே நாள்ல ஒரே தண்ணியில அத்தனை படகுக்கும் உள்ள மீன், இவனுக்கு மட்டும் கப்பல் மீனா வந்து மாட்டுமாக்கா? துறைமுகத்துல வெட்டியிருக்கான்."

"அப்ப அந்தப் படகை மட்டும் தூக்கிடு. துடுப்பு கெட்டுப்போச்சு, டி.என்.ஏ. சரியா வரலைன்னு நான் சொல்றேன். எத்தனையோ கெட்டுப்போகுது, யாரு கேக்கப்போறா? மிச்சம் எல்லாம் சரியாத்தானே வந்திருக்கு? அண்ணன் மானமும் தப்பிக்கும்."

அவள் குழாய்த் தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஐஸ்போல் இருந்தது.

"எனக்கு ஒத்துவராததை நான் தூக்கினா, அந்தச் சல்லடைக்கும் எனக்கும் என்னக்கா வித்தியாசம்?"

"இந்த வாய்க்குத்தான் உனக்கு இன்னும் சம்பளம் ஏறலை," என்றாள் அக்கா.

அண்ணன் படகில்தான் இருந்தான். பக்கத்துத் துறையில் ஒரு கப்பல் மீன் இறக்கிக்கொண்டிருந்தது. பனிக்கட்டியோடு சரிந்து விழும் மீன், பெட்டிகளின் சத்தம், ரப்பர் காலணிகள், வழுக்கும் தரை. கத்தியும் குழாயும் வைத்திருக்கும் ஒருவன் அங்கே குனிந்தால் எவனும் ஏன் என்று கேட்க மாட்டான்.

"அங்க வெட்டினியா?" என்று கையைக் காட்டினாள்.

"துடுப்பு கேட்ட. கொடுத்தேன். எங்க வெட்டினா உனக்கென்ன?"

"ஒன்னு ரெண்டு வெளி மீனைக் கலந்திருந்தா நானே நம்பியிருப்பேன். அத்தனையையும் மாத்தியிருக்க. பேராசைக்காரன்தான் மாட்டிக்குவான்."

அவன் சிரித்துவிட்டான். "முன்னாடியே சொல்லிக் கொடுத்திருக்கலாம்ல? பாதிப் பாதி போட்டிருப்பேன்."

"கூட்டத்துல சொல்லுவேன்."

"என்னன்னு?"

"அந்தப் படகுத் துடுப்பு பொய்னு."

"யாரு படகுன்னு கேப்பாங்க."

"அதையும் சொல்லுவேன்."

சிரிப்பு போய்விட்டது. "கூடப் பிறந்தவனை ஊர் முன்னாடி நிக்கவெச்சுத் திருடன்னு சொல்லுவ?"

"கூடப் பிறந்தவகிட்டயே நீ பொய் மீனைத் தள்ளலாம், நான் வாயைத் திறந்தாத் தப்பா?"

"சொல்லு. நல்லாச் சொல்லு. நான் இல்லைன்னுதான் சொல்லுவேன். உன் மெஷின் ஜெயிக்குதா என் நாக்கு ஜெயிக்குதான்னு பாத்துருவோம். இந்தப் பக்கம் இருக்கிற அத்தனை படகும் என் பேச்சைத்தான் நம்பும்."

"நம்பட்டும்," என்றாள். "மீன் என் பக்கம்."

"மீனுக்கு ஓட்டு கிடையாதுடி," என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டத் திரும்பிக்கொண்டான்.

விசாரணைக்கூட்டம் வாரியத்தின் பெரிய கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் கப்பல் நிறுவனத்து ஆட்கள், அவர்களுடைய வக்கீல். பின்வரிசைகளில் படகுக்காரர்கள், கூடத்துக்குள்ளும் தொப்பியைக் கழற்றாமல். அம்மா ஓரத்தில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டவர்கள் இயக்குநருக்குப் பின்னால் உட்கார வேண்டும், கேட்டால் தாளை எடுத்து நீட்ட வேண்டும், பேசக் கூடாது. அதுதான் முறை.

இயக்குநர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். ஒவ்வொரு மீனும் ஒரு புள்ளி. எல்லாப் புள்ளிகளும் ஒரே மேகமாகக் குவிந்திருந்தன. "ஒரே கூட்டம்," என்றார். "எங்க ஆய்வாளர் இன்னும் கையெழுத்துப் போடலை. சின்னத் தாமதம்தான்."

அவள் எழுந்தாள். "தாமதம் இல்லை. போடமாட்டேன். இன்னொரு படம் இருக்கு. அதையும் எல்லாரும் பாக்கணும்."

"உக்காருங்கம்மா," என்றார் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"போடட்டும்," என்றார் வாரிய அதிகாரி. அவருக்கு இன்றைக்கும் கரையில் நல்ல இடம் கிடைத்திருந்தது.

இரண்டாவது படத்தில் அதே மீன்கள்தான். சல்லடை இல்லை. புள்ளிகள் இரண்டு குவியலாகத் திரையின் இரண்டு ஓரத்துக்கும் போயிருந்தன. நடுவில் வெறிச்சோடிக் கிடந்தது.

"ரெண்டும் கலந்து முட்டை போட்டா, குஞ்சுக்கு அம்மாகிட்ட இருந்து ஒன்னு, அப்பாகிட்ட இருந்து ஒன்னுன்னு பாதிப் பாதி வரும். அந்த மாதிரி மீனெல்லாம் இந்த நடுவுல நிக்கணும். இங்க ஒரு மீன் இல்லை. உள்ள இருக்கிறதும் வெளிய இருக்கிறதும் ஒன்னையொன்னு தொடுறதே இல்லை. உள்ள இருக்கிறதை அழிச்சிட்டா வெளிய இருந்து எதுவும் வந்து அந்த இடத்தை நிரப்பாது. வளைகுடா அப்படியே வெறும் தண்ணியா நிக்கும்."

வக்கீல் அவசரமே இல்லாமல் எழுந்தார். கூடத்தில் எழுந்து பேசுவதற்கென்றே தைத்தது போன்ற ஒரு கோட்டு.

"மூடி வெச்சு நடத்தின சோதனையில ஒரு படகு மீன் முழுக்கத் தப்பா வந்துச்சாமே?"

"தப்பா வரலை. அது வெளி மீன்தான். கப்பல்ல இருந்து இறக்கின மீன்ல வெட்டின துடுப்பு. குழாய்ல ஒட்டின சீட்டுதான் பொய்."

"யாரு படகும்மா அது?"

பின்வரிசையில் நாற்காலிகள் முனகின.

"மூக்குடைஞ்ச படகு," என்றாள். "எங்க அண்ணன் படகு."

 பின்னால் ஒருவன், "அடிப்பாவி," என்றான். இன்னொருவன் காறினான். அண்ணன் முன்னால் இருந்தவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆக, கணக்கு தப்பிப்போனதும் பழியைத் தூக்கி சொந்த அண்ணன் தலையிலயே போட்டாச்சு." வக்கீல் முன்வரிசையைப் பார்த்துச் சிரித்தார். "இதுல ஆச்சரியப்பட ஒன்னும் இல்லை. மீன் வெட்டுற கொட்டகையில வளந்த புத்தி வேற எப்படி இருக்கும்? தலையை வெட்டி ஒரு பக்கம், வாலை வெட்டி ஒரு பக்கம். அவங்க அம்மாவும் அங்கதான் இருந்தாங்களாம்."

முன்வரிசை சிரித்தது. அம்மா கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். மடங்காத பத்து விரலும் தெரிந்தன. அவற்றை மறைக்க அவள் எதுவும் செய்யவில்லை.

அண்ணன் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"யோவ் கோட்டு. எங்கம்மாவைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி அவங்க வெட்டின மீனை எத்தனை தட்டு தின்னிருப்பன்னு எண்ணிப் பாத்துக்க." கையை நீட்டித் தங்கையைக் காட்டினான். "இவ ஒரு பிடிவாதம் பிடிச்ச கழுதை. சின்ன வயசுல இருந்தே இப்படித்தான். இவளோட எனக்கு ஆயிரம் சண்டை இருக்கு. ஆனா துடுப்பு நான்தான் மாத்தினேன்."

வக்கீல் வாயைத் திறந்தார். அண்ணன் விடவில்லை.

"எதுக்கு மாத்தினேன்னு கேளு. இவ சொல்றது பொய்னா நான் எதுக்குய்யா கப்பல் மீனைத் தேடிப்போய்க் குனிஞ்சு வெட்டணும்? நல்ல மீனையே கொடுத்துட்டு, தோத்துட்டு வரட்டும்னு கால்மேல கால் போட்டு உக்காந்திருப்பேனே. இவ ஜெயிச்சுடுவான்னு பயந்துதான் மாத்தினேன். எழுதிக்கங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார்.

வளைகுடாவின் வாய் திறக்கவில்லை. முட்டையிடும் காலம் முழுக்கக் கப்பலுக்கும் தடை, படகுக்கும் தடை. அவள் அண்ணனிடம் முதல் நாள் சொன்னதுபோலவே நடந்தது.

அதற்கான விலையும் வந்து சேர்ந்தது. ஒரு காலையில் வீட்டு வாசலில் யாரோ ஒரு வாளி மீன்குடலைக் கொட்டியிருந்தார்கள். அம்மா துடைப்பத்தை உள்ளங்கைகளால் இடுக்கித் தள்ளிக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். "இந்த நாத்தம் எனக்குப் புதுசாடா? இதுலதான் ரெண்டு பிள்ளையையும் வளத்தேன். அடுத்த தடவை கொட்டுறவன் குடலோட சேத்து மீனையும் கொண்டு வா."

இயக்குநர் அவளைக் குளிர்பதனக் கிடங்குக்கு மாற்றினார். பழைய குழாய்களை அடுக்கிவைக்கும் வேலை. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு அவள் அதைச் செய்தாள். மீன்காரி என்று எழுதிய நாற்காலியைக் கூடவே தூக்கிக்கொண்டு போயிருந்தாள். இரண்டாவது படத்தைக் கிடங்குக் கதவின் வெளிப்பக்கம், இயக்குநர் நடந்துபோகும் உயரத்தில், ஒட்டியும் வைத்தாள். அவர் அதைக் கிழிக்கவில்லை. பார்க்காமல் போகப் பழகிக்கொண்டார்.

அண்ணன் படகைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் துறைமுகத்தில் சுமை இறக்கும் வேலைக்குப் போனான். எந்தக் கப்பல்களைத் திட்டிக்கொண்டிருந்தானோ அந்தக் கப்பல்களின் பெட்டிகளைத்தான் முதுகில் தூக்கினான். அவளோடு பேசவில்லை. வீட்டுக்கு அவள் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போனான். அம்மா நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டினாள்.

தடைக்காலம் முடியும் முன்பு ஒரு நாள், ஆய்வகத்தின் பின்கதவை யாரோ காலால் உதைத்தார்கள். அவள் திறந்தாள். அண்ணன் நின்றான். ரப்பர் காலணி, தோளெல்லாம் செதில், சட்டைப்பை நிறையக் குழாய்கள்.

"இந்தத் தடவை மாத்தலை," என்றான். அவ்வளவு நாள் பேசாமல் இருந்ததற்கு அதுதான் முன்னுரை. "பாத்துச் சொல்லு."

"எங்க வெட்டினது?"

"இன்னிக்கு நான் இறக்கின கப்பல்ல. காலியாப் போச்சு. போன சுருக்குல நிரம்பித் திரும்பிடுச்சு. வெளிக்கடல் என்ன அடுத்த தெருவுலயா இருக்கு?"

"எந்தக் கப்பல்?"

"பேரைச் சொல்லமாட்டேன். முதல்ல மீன் என்ன சொல்லுதுன்னு கேளு. உனக்குத்தான் மூடி வெச்சுப் பாக்குறது ரொம்பப் பிடிக்குமே."

இயந்திரத்தைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. பிப்பெட் அக்கா குழாய்களை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "உன்னைத்தானே தொடக் கூடாதுன்னாரு? என் கட்டைவிரலைப் பத்தி ஒன்னும் சொல்லலையே," என்று உள்ளே போனாள்.

முடிவு வந்த அன்று அண்ணன் பின்கதவுப் படியில் உட்கார்ந்து சட்டையில் ஒட்டிய செதில்களை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள் தாளோடு வெளியே வந்தாள். அதன் அடியில் அவள் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. மை இன்னும் காயவில்லை.

"என்ன சொல்லுது?"

"உள்ள மீன்."

"எத்தனை?"

"அத்தனையும்."

அவன் மெல்ல எழுந்தான். நிமிரும்போது முதுகு வலித்திருக்க வேண்டும், ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டான். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. படகுத்துறையில் அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு.

"ஒன்னு ரெண்டை எடுத்திருந்தாக்கூட நம்பியிருக்கலாம். பேராசைக்காரன்தான் மாட்டிக்குவான்னு நீதானேடி சொன்ன?"

"தடையை மீறி உள்ள வந்த கப்பல் பேரைச் சொல்லு."

"வாரியத்துல போய்ச் சொல்றேன். அந்த வாந்திக்காரர் முன்னாடி. அவரு எழுதிக்கட்டும்." தாளை அவள் கையிலிருந்து வாங்கி, ஈரக் கை படாமல் நுனியைப் பிடித்துக்கொண்டான். "நட. கோட்டுக்காரன் வந்தா இந்தத் தடவை அம்மாவையும் கூட்டிட்டுப் போவோம்."